குடித்துவிட்டுக் கோவிலில் தகராறு செய்பவரை ஊரார் வெளியேற்றலாமா?

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஊர்க் காளியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசை நேரத்தில் ஊர்க்காரர் ஒருவரே குடித்துவிட்டு வந்து பூசாரியை ஏசுகிறார். விளக்குப் போட வரும் பெண்கள் பயந்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மூன்று மாதமாக இது நடக்கிறது. ஊர்க்கூட்டம் போட்டு, ‘இனி ஆயுசுக்கும் அவர் கோவில் வாசலை மிதிக்கக் கூடாது, மிதித்தால் 5,000 ரூபாய் தண்டம்’ என்று முடிவு செய்திருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்தால் தூக்கி வெளியே போட ஊருக்கு உரிமை உண்டா, எங்கள் மேல் வழக்கு வருமா, பூசாரி அவருக்கு விபூதி தர மறுக்கலாமா என்பவை கேள்விகள். கடைசியில், போகிற போக்கில், ‘திருவிழாக் கணக்கைக் கேட்டும் கத்துகிறார்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்.

இதில் கேட்டிருப்பது ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பூசையைக் கெடுக்கும் ஒருவரை அந்த நேரத்தில் அப்புறப்படுத்தலாமா என்பது ஒன்று. அவருக்குக் கோவிலை நிரந்தரமாக அடைத்துவிடலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்பேன். இரண்டாவதற்குக் கூடாது என்பேன். தண்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதை இன்றே கைவிட்டுவிடுங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல் தொடங்கிய நாளிலிருந்து அங்கும் கீழ் நீதிமன்றங்களிலும் கோவில் வழக்குகள் நடத்தி வருகிறேன். நியாயம் தன் பக்கம் இருந்தும் ஒரே நாள் ஆத்திரத்தால் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் போய் நின்ற ஊர்ப் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கோவில் யாருடையது? அறநிலையத்துறை எடுக்காத கோவில், துறை நியமித்த செயல் அலுவலரோ தக்காரோ (பொறுப்பு அறங்காவலரோ) கிடையாது, ஆகவே இது எங்கள் சொந்தக் கோவில் என்று பல ஊர்களில் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், பொதுமக்கள் உரிமையோடு வந்து வழிபடும் இடத்தைக் கோவில் என்கிறது. துறையின் பலகை தொங்குகிறதா என்று பார்ப்பதில்லை. தலைக்கட்டு வரி போட்டுக் கட்டி, ஊரே பொங்கல் வைத்துக் கும்பிடும் கோவில் பொதுக் கோவில்தான். அங்கே அந்த மனிதர் விருந்தாளியாக வரவில்லை. அவரும் வரி கொடுத்த தலைக்கட்டு, உரிமையோடு வருகிறார். வீட்டுக்கு வந்தவரை ‘வெளியே போ’ என்று சொல்வதற்கு உள்ள சுதந்திரம் கோவில் நிர்வாகத்துக்கு இல்லை. ஒரு குடும்பத்துப் பங்காளிகள் மட்டும் கும்பிடும் வீட்டுச் சாமி என்றால் கதை வேறு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஆனால் உரிமையோடு வருவதும் நினைத்தபடி நடந்துகொள்வதும் வேறு வேறு. மதுரைக்காரர்களுக்கு இதை 1939இலிருந்து சொல்வதுதான் பொருத்தம். அந்த ஆண்டு ஜூலை 8ஆம் தேதி அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களோடு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தார். அதுவரை தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பேரால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அன்று உள்ளே சென்றார்கள். அந்தப் போராட்டத்தின் நீட்சியாக வந்ததுதான் 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம். எல்லா இந்துக்களுக்கும் கோவிலைத் திறந்துவிட்ட அதே சட்டம், கோவிலில் ஒழுங்கையும் கண்ணியத்தையும் காக்கவும் சடங்குகள் முறையாக நடக்கவும் விதிகள் வகுக்கும் அதிகாரத்தை அறங்காவலர்களுக்குக் கொடுத்தது. சாதியின் பேரிலோ பிரிவின் பேரிலோ அந்த விதி பாகுபாடு செய்யக் கூடாது என்று கையோடு கட்டியும் போட்டது. கதவைத் திறந்த சட்டமும் ஒழுங்கு கேட்ட சட்டமும் ஒன்றே என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். 1958இல் வெங்கடரமண தேவரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே வழியில்தான்: நுழையும் உரிமை என்பதற்குக் கோவிலை இரவும் பகலும் திறந்து வைக்க வேண்டும் என்றோ, அர்ச்சகர் செய்வதைப் பக்தரே செய்யலாம் என்றோ பொருள் இல்லை. ஆகவே ‘குடித்தவர் யாராக இருந்தாலும் கோவிலுக்குள் வரக் கூடாது’ என்று எல்லாருக்கும் பொதுவாக விதி வைத்து வாசலில் எழுதிப் போடுங்கள். அது நிற்கும். ஒருவர் பெயரை மட்டும் எழுதிப் போட்டால் நிற்காது.

அடுத்து, பூசையைக் கெடுப்பது குற்றமா? குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவு, சட்டப்படி வழிபாட்டில் ஈடுபட்டிருக்கும் கூட்டத்துக்கு வேண்டுமென்றே இடையூறு செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 296ஆம் பிரிவுதான் இது. காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம், ஜாமீனில் விடக்கூடியதும்கூட. இந்த ஜாமீன் விவகாரம் ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். குடிபோதையில் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை கொடுப்பதற்கு 355ஆம் பிரிவு தனியாக இருக்கிறது: 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை.

300ஆம் பிரிவில் ‘வழிபாட்டில் ஈடுபட்டிருக்கும் கூட்டம்’ என்ற சொற்களை நன்றாகக் கவனியுங்கள். பூசை முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்து வரவு செலவு பேசும்போது ஒருவர் எழுந்து சத்தம் போட்டால் இந்தப் பிரிவு பொருந்தாது. அது ஊர்க்கூட்டம், வழிபாடு அல்ல. இடையூறு என்பதையும் அந்த இடத்து வழக்கத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டும். நம் ஊர்ச் சாமிகள் அமைதியை விரும்பும் சாமிகள் அல்லவே! உறுமி முழங்கும், குலவை எழும், அருள் வந்தவர் ஓங்காரமாகக் கத்திக்கொண்டு வேல்கம்பைப் பிடித்து ஆடுவார். மாட்டுத்தாவணிக்கு அந்தப் பக்கம் பாண்டி கோவிலில் ஒரு பெண் தலைவிரித்து அலறினால் அதை வழிபாட்டின் பகுதியாகவே எல்லாரும் பார்ப்பார்கள். அதே அலறல் பேராலயத்துத் திருப்பலியிலோ பள்ளிவாசலின் ஜும்மா உரையின் நடுவிலோ கேட்டால் நிலைமை வேறு. ஒருவர் உரத்துப் பேசினார் என்பது மட்டும் போதாது. பூசை நின்றது, மக்கள் கலைந்தார்கள், அவர் அதைத் தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும். பூசாரியைப் பெயர் சொல்லி ஏசியதும், பெண்கள் விளக்குப் போடாமல் திரும்பியதும் அதற்கு நல்ல சாட்சியம்.

இனி வெளியேற்றும் காரியத்துக்கு வருகிறேன். பொதுக் கோவிலுக்கு உரிமையோடு உள்ளே வந்தவர், அதற்காக அத்துமீறி நுழைந்தவர் ஆகமாட்டார். ஆனால் நியாயமாக உள்ளே வந்தவரும், பிறரை அவமதிக்கவோ மிரட்டவோ எரிச்சலூட்டவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு சட்டவிரோதமாக அங்கேயே நின்றால் அதுவும் குற்றமான அத்துமீறல் என்று அதே நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு சொல்கிறது. வழிபாட்டுக்குப் பயன்படும் கட்டடம் என்றால் தண்டனை ஓராண்டு வரை போகும். அதனால்தான் ‘தயவுசெய்து வெளியே போங்கள்’ என்று தெளிவாக, நாலு பேர் காதில் விழச் சொல்வது அவசியம். சொன்ன பிறகும் நின்றால்தான் அவருடைய நிற்பு சட்டவிரோதமாகிறது. அத்துமீறலிலிருந்து சொத்தைக் காக்க தற்காப்பு உரிமையை 35ஆம் பிரிவு கொடுக்கிறது. தேவைக்கு மிஞ்சிய காயம் கூடாது என்றும், அரசு அதிகாரிகளை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை என்றும் 37ஆம் பிரிவு அதைச் சுருக்குகிறது. நடைமுறையில் இதன் பொருள்: அவர் மதிக்கும் பெரியவர் ஒருவர், முடிந்தால் அவருடைய மாமனோ மைத்துனனோ, முன்னால் போய்ப் பேச வேண்டும். கேட்கவில்லை என்றால் இரண்டு பேர் தோளைப் பிடித்து வாசல்வரை நடத்திக்கொண்டு போகலாம். அவ்வளவுதான். அறையக் கூடாது, சட்டையைக் கிழிக்கக் கூடாது, படிக்கட்டில் தள்ளக் கூடாது. குடித்தவர் படியில் விழுந்தால் அடிபடும் இடம் தலை. அதன் பிறகு வெள்ளிக்கிழமைப் பூசையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘போலீஸ் வரும்வரை கல்தூணில் கட்டி வையுங்கள்’ என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கட்டவே கட்டாதீர்கள், மடைப்பள்ளியில் வைத்துப் பூட்டவும் வேண்டாம். பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்கலாம் என்ற அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் ஜாமீனில் விட முடியாத, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்தைக் கண்முன் செய்பவரையோ, அறிவிக்கப்பட்ட குற்றவாளியையோதான் அப்படிப் பிடிக்கலாம். பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். பூசைக்கு இடையூறு செய்வது ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆகவே அதற்காக அவரைப் பிடித்து வைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. கட்டிவைத்தால் சட்டவிரோதமாக அடைத்துவைத்த குற்றம் உங்கள் மேல் வரும். பெரிய கோவில்களில் நிற்கும் தனியார் காவலாளிகளுக்கும் இதே அளவுதான். சீருடை போட்டதால் அவர்கள் போலீஸ் ஆகிவிடுவதில்லை.

ஆயுள் தடைக்கு வருவோம். ஊர்க்கூட்டத்துக்கு அந்த அதிகாரத்தை எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை. 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், நம் தமிழ்நாட்டிலிருந்து போன அந்த மேல்முறையீட்டில், கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வழிபடும் உரிமை சிவில் உரிமை. அவர் மேலூர் முனிசிப் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், சாராயம் குடித்தார் என்பதற்காக ஆயுள் முழுவதும் சாமி கும்பிடக் கூடாது என்ற தீர்மானத்தை எந்த நீதிபதி முன்னும் என்னால் தாங்கிப் பேச முடியாது. தண்டம் வாங்கினால் மிரட்டிப் பணம் பறித்த குற்றச்சாட்டு வரலாம். இவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் உள்ள இடம் நடுவில் இருக்கிறது: ஆயுசுக்கும் வேண்டாம், ஒரு மாதம் மட்டும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரக் கூடாது என்று அறங்காவலர்கள் எழுத்தில் உத்தரவு போட்டால் நிற்குமா? இத்தனை நாள் தடுக்கலாம் என்று சட்டம் அளவு சொல்லவில்லை. முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, காரணம் எழுதி, நடந்ததற்குத் தக்க அளவில் இருந்தால் நிற்கலாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் உறுதி கொடுக்கமாட்டேன். வேறொரு வழக்கறிஞர் மறுத்துச் சொன்னால் அவரிடமும் நியாயம் இருக்கும். இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அறநிலையச் சட்டத்தின் 78ஆம் பிரிவில் வெளியேற்றும் அதிகாரம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது கோவில் நிலத்தையும் கட்டடத்தையும் ஆக்கிரமித்தவர்களுக்கானது. சத்தம் போடுபவருக்கு அதில் வேலை இல்லை.

பள்ளிவாசல், தேவாலயம் என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 300, 329 ஆகிய பிரிவுகள் எல்லா மதத்துக்கும் பொது. ஜும்மாவைக் கெடுப்பவரை ஜமாஅத்தும், திருப்பலியைக் கெடுப்பவரைப் பங்குத்தந்தையும் இதே அளவோடு வெளியேற்றலாம். உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்குவது வேறு விஷயம். பதிவு பெற்ற சபை என்றால் அதன் துணை விதிப்படி, விளக்கம் கேட்டுத்தான் நீக்க முடியும். மதத்தைவிட்டே விலக்கி வைப்பது பற்றி 1962இல் தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சமயத் தலைவரின் அதிகாரத்தை ஏற்றது; அந்தத் தீர்ப்பையே மறுபடி ஆராய வேண்டும் என்று 2023இல் அது ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதை நம்பி இன்று யாரும் ஊர்விலக்கு வைக்கத் துணிய வேண்டாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மனிதர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரா? அப்படியே இருந்தாலும், குடித்துவிட்டு பூசையைக் கெடுத்தால் மற்றவர்களைப் போலவே வெளியேற்றலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் ஊரில் குடித்துவிட்டுக் கோவிலுக்கு வரும் மற்றவர்களை விட்டுவிட்டு இவரை மட்டும் தடுத்தால், பொது வழிபாட்டிடத்துக்குள் நுழைவதைத் தடுத்த குற்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வரும்: ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, முன்ஜாமீனும் கிடையாது. வழக்குக்குப் பயந்து சொல்லவில்லை. 1939க்குப் பிறகும் நம் மாவட்டத்துக் கிராமங்களில் ஒழுங்கின் பெயரைச் சொல்லிச் சாதியின் கதவு சாத்தப்பட்டதைப் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன்.

மூன்று மாதமாக வாரம் தவறாமல் குடித்துவிட்டு வருகிறார் என்றால், அவர் நோயாளி என்ற நினைப்பும் ஊருக்கு வர வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். சாமி கோவில்களிலும் தர்காக்களிலும் கட்டிப்போட்டு வைத்தால் தெளியும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் சாகவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா இருக்கும் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் இறந்தார்கள். இன்று மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது.

இப்போது அந்தக் கடைசி வரி. திருவிழாக் கணக்கைக் கேட்டுக் கத்துகிறார் என்றால், கணக்கை எப்போது கடைசியாகப் படித்தீர்கள்? வரி கொடுத்தவர் கணக்குக் கேட்பது இடையூறு ஆகாது. குடிக்காமல் வந்து ஊர்க்கூட்டத்தில் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு நான் எழுதுகிறேன், அவர் பக்கத்தைக் கேட்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் பாதிக்கு மேல், கட்டைப் பிரித்துப் பார்த்தால், அடியில் ஒரு கணக்கு நோட்டோ, பறிபோன பரிவட்டமோ, பங்காளிச் சண்டையோ இருப்பதுதான் என் அனுபவம். அடுத்த வெள்ளிக்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போட்டு வரவு செலவை வாசித்துவிடுங்கள். முதல் மரியாதை யாருக்கு, வழக்கம் என்ன என்ற தகராறு என்றால் அறநிலையத்துறை இணை ஆணையர் 63ஆம் பிரிவில் தீர்ப்புச் சொல்வார். அதற்குப் பூசை நேரத்தில் சண்டை போட வேண்டியதில்லை.

அதற்கும் அடங்கவில்லை என்றால், செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சொல்லி ஏசினார், யார் பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கைப்பேசியில் படம் எடுத்தால் காவல் நிலையத்துக்குக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பினால் அவமானப்பட்ட அவருடைய பிள்ளைகள் நாளை உங்கள் எதிரிகளாவார்கள். தகராறு நடக்கும்போது 112ஐ அழையுங்கள். புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்; பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அமைதி காப்பதாக ஓராண்டு வரைக்குமான பிணைப்பத்திரம் எழுதி வாங்க, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆம் பிரிவில் நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. பல ஊர்களில் அந்த நோட்டீஸ் போனதுமே சத்தம் நின்றிருக்கிறது. அதுவும் போதவில்லை என்றால் சிவில் நீதிமன்றத்தில் தடையாணை கேளுங்கள். கேட்கும்போது ‘கோவிலுக்கு வரக் கூடாது’ என்று கேட்காமல் ‘பூசைக்கு இடையூறு செய்யக் கூடாது’ என்று கேளுங்கள். இரண்டாவதைத்தான் நீதிமன்றம் தரும்.

விபூதி பற்றிக் கேட்டீர்கள். குடித்துவிட்டுத் தள்ளாடி வந்து நிற்கும் நேரத்தில் பூசாரி கொடுக்காமல் இருந்தால் அதில் தவறு காணமாட்டேன். மறுநாள் காலையில் குளித்து, தெளிந்து வந்து அவர் கை நீட்டினால், வரிசையில் மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல் அவருக்கும் கொடுக்க வேண்டும்.